தெருவில் பாதிப் பேருக்கு வந்த மாத்திரை

முரளி,

நேற்று சாயங்காலம் நீ போனில் சொன்ன வார்த்தையிலேயே நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். "ஆராய்ச்சி, சர்வே அது இதுன்னு இனிமே என்கிட்ட பேசாதப்பா. எல்லாம் டூப்பு. அது அம்மாவோட போச்சு" என்றாய். பதில் பேசினால் நீ போனை வைத்துவிடுவாய் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படியும் வைத்துவிட்டாய். சரி, போகட்டும். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான், ஆனால் என் மகன் ஒருமுறையாவது படித்துவிட்டுத்தான் கிழிப்பான் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. எனக்கே போன வாரம்தான் தெரிந்தது, உங்கம்மாவுக்கு வருஷ தெவசம் முடிந்த மறுநாள். அதை எடுத்த எடுப்பிலேயே எழுத எனக்குக் கை வரவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

ஆராய்ச்சி என்ற சொல்லை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நீதான். அதற்கு முன்னால் எனக்கு ஆராய்ச்சி என்றால் பேப்பரில் வருகிற காபி சமாசாரம். காபி குடித்தால் நல்லது என்று ஒரு வாரம் போடுவான், கெட்டது என்று அடுத்த வாரம் போடுவான். நல்லது என்று போட்ட வாரம் உங்கம்மாவிடம் காட்டி இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிப்பேன், கெட்டது என்று வந்த வாரம் பேப்பரை மடித்து அடியில் வைத்துவிடுவேன். நீதான் என்னைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாய். "எத்தினி பேரைக் கேட்டாங்கன்னு பாருப்பா. யாரோட ஒப்பிட்டாங்கன்னு பாரு. ஒரு பக்கத்துக்குக் குடுத்து, இன்னொரு பக்கத்த சும்மா விட்டாதான் குடுத்ததால ஆச்சா, தானா ஆச்சான்னு தெரியும்" என்றாய். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் தோல் வெட்டியே காலம் கழித்த எனக்கு அது சட்டென்று புரிந்தது. அன்றைக்கு எனக்கு உன்மேல் இருந்த பெருமையை நான் வெளியே காட்டவில்லை. உங்கம்மா எனக்கும் சேர்த்துத் தெரு முழுக்கக் காட்டினாள்.

உன் முதல் வேலை ஞாபகம் இருக்கிறதா? ஏலகிரி அடிவாரத்தில் உன் மாமாவின் நிலத்தில் வேர்க்கடலைக்குப் புது உரம் ஒன்றைப் போட்டுப் பார்த்தீர்கள். நிலத்தில் பாதிக்கு உரம், மீதிப் பாதிக்கு ஒன்றும் கிடையாது. நடுவில் கயிறு கட்டி, குச்சி நட்டு, செல்போனில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாய். அறுவடை அன்றைக்குப் பார்த்தால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி காய்த்திருக்கிறது. உன்னோடு வந்த அதிகாரிகள் உரம் வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொண்டு போகவிருந்தார்கள். நீதான் மாமாவைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டாய். அந்த மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தப் பக்கம் செடி பச்சைப்பசேல்னு நிக்குது, இந்தப் பக்கம் வெளுத்துப் போயி என் மூஞ்சியவே பாக்குது. ஒரு புள்ளைக்குச் சோறு, ஒரு புள்ளைக்குத் தண்ணியா? எனக்கு மனசு கேக்கல மாப்ள, மீந்ததை அதுக்கும் போட்டுட்டேன்" என்றார். நீ வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நாங்களும் சிரித்தோம். உங்கம்மா மட்டும், "எங்கண்ணன் செஞ்சதுல இன்னா தப்பு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்புறம் அந்தப் பிரஷர் மாத்திரை ஆராய்ச்சி நம் தெருவுக்கே வந்தது. அதில் உனக்கு வேலை கிடைத்தபோது இங்கேயே ஆம்பூரில் இருக்கலாம் என்று உங்கம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வீடு தேடி மாத்திரை வரும், போனில் ஒரு செயலி தினமும் மணி அடித்து ஞாபகப்படுத்தும். மீதிப் பாதிப் பேர் எப்போதும்போல கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், அதில் உன் கை ஒன்றும் இல்லை என்று நீ வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். குலுக்கியதில் உங்கம்மாவுக்கு வீட்டுக்கு வருகிற மாத்திரை விழுந்தது. பக்கத்து வீட்டு ஷகிலாம்மாவுக்கு விழவில்லை. "அல்லா எனக்கு நடக்கத்தான் எழுதியிருக்காரு" என்று சொல்லி அவர் சிரித்தார். உங்கம்மா சிரிக்கவில்லை. இதெல்லாம் இப்போது யோசிக்கும்போதுதான் எனக்குத் தெரிகிறது, அன்றைக்கு நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷகிலாம்மா உனக்கு யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு வருஷமாக நீ அவருக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. அவரும் உங்கம்மாவும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்தவர்கள். ஒரே பஸ், ஒரே டிபன். தலைவலி என்று ஒருத்தி மாத்திரை எடுத்தால் பாதியை மற்றவள் வாயில் போட்டுக்கொள்வாள், வலி இருக்கிறதோ இல்லையோ. உனக்கு அம்மை போட்டபோது உங்கம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அவர் சம்பளம் போனால் போகிறது என்று வேலைக்குப் போகாமல் உன் பக்கத்தில் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தார். தொழுகை நேரத்துக்கு மட்டும் எழுந்து போய்விட்டு வருவார். அவர் கணவர் இறந்து, மகளையும் வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் அவர் ஒருத்திதான். ரம்ஜான் கஞ்சி நம் வீட்டுக்கு வராமல் அவர் நோன்பு திறந்ததே கிடையாது.

மாதா மாதம் நீ நம் வீட்டுக்கே வந்து, உன் அம்மாவையே நாற்காலியில் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்ப்பாய். காலி அட்டைகளை வாங்கி எண்ணிப் பார்ப்பாய். ஒன்றுகூடக் குறையாது. செயலியிலும் தினமும் காலையில் மணி அடித்த உடனே "சாப்பிட்டேன்" என்ற பொத்தானை அவள் அமுக்கியிருப்பாள். "எங்கம்மா மாதிரி ஒழுங்கா மாத்திரை போடறவங்க இந்தத் தெருவுலயே இல்ல" என்று நீ உன் சாரிடம் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் பிரஷர் மட்டும் இறங்கவில்லை. "உப்பு கம்மி பண்ணும்மா" என்று கத்துவாய். "கம்மி பண்ணிட்டேன்டா, உன் மெஷினுதான் ஜாஸ்தி காட்டுது" என்பாள். டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரையின் பவரைக் கூட்டினார். அந்தப் பக்கம் ஷகிலாம்மாவுக்கு மாத்திரையே இல்லாமல் பிரஷர் இறங்கிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை என்று அவர் சொல்ல, கடைக்கும் மசூதித் தெருவுக்கும் அவர் நடக்கிற நடைதான் காரணம் என்று எல்லோருக்கும் அவரை உதாரணம் காட்டினாய். அவர் தலையைக் குனிந்துகொள்வார். கூச்சப்படுகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மெஷினில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கம்பெனி வண்டியிலேயே வேலூருக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்வதற்கு முன்னால் நீ அங்கே இருந்தாய். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போட்டார்களா என்று டாக்டர் கேட்டதும், "தினமும் போட்டாங்க சார். ஒரு நாள்கூட விடல. நானே எண்ணியிருக்கேன் சார்" என்றாய். அவர் வேறு எதையோ கேட்க வந்தார், நீ விடவில்லை. அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாய். "சில பேருக்கு மாத்திரை போட்டாலும் இப்படி ஆகிறதுண்டு தம்பி" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். உங்கம்மா கண்ணைத் திறக்காமலே போய்விட்டாள். எடுத்துக்கொண்டு போகிற அன்றைக்கு உன் பெரியப்பா, சாவு வீடு என்றுகூடப் பார்க்காமல், "பெத்தவள வச்சா ஆராய்ச்சி பண்ணுவானுங்க?" என்றார். "வாயை மூடு" என்று நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அதற்குள் நீ காதில் வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாய். காரியம் முடிந்ததும் வேலையை விட்டாய், பெங்களூருக்குப் போனாய், ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டாய். தெவசத்துக்கும் வரவில்லை. படத்துக்கு முன்னால் படையல் போட்டுவிட்டு நான் ஒருத்தனே காக்காய்க்குச் சோறு வைத்தேன். அன்றைக்கு நான் அழுத அழுகையை யாரும் பார்க்கவில்லை, நீயாவது தெரிந்துகொள்.

மறுநாள் காலையில் நர்ஸம்மா வந்தார். இப்போது கொஞ்ச காலமாகக் கவர்மெண்டிலிருந்தே வீட்டு வாசலுக்கு வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இது உங்கம்மா இருக்கும்போது வந்திருக்கக் கூடாதா என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எனக்குப் பார்த்து முடித்துவிட்டு, "பக்கத்து வீட்டம்மா மாத்திரையே வாங்க மாட்டேங்கறாங்க சார். பிரஷர் பயங்கரமா இருக்குது. இப்படியே விட்டா எப்ப வேணாலும் விழுந்துடுவாங்க. நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார். மாத்திரை அட்டையை என் கையிலேயே கொடுத்துவிட்டும் போனார். சரி, இது என்ன பிடிவாதம், நாலு வார்த்தை திட்டிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். ஷகிலாம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அட்டையை நீட்டியதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேணாண்ணா. என் பங்கை நான் சாப்ட்டுட்டேன். சரளா பங்கையும் சேத்து சாப்ட்டுட்டேன்" என்றார்.

உங்கம்மா பெயரை எதற்கு இழுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். குலுக்கல் முடிந்த புதிதில் அவருக்கு மெஷினில் இருக்கும்போது மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க லீவு கேட்டால் சூப்பர்வைசர் எரிந்து விழுந்திருக்கிறான். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் உங்கம்மா தன் மாத்திரையை எடுத்து, நூல் வெட்டுகிற கத்தரியாலேயே இரண்டாக வெட்டி, பாதியை அவர் கையில் வைத்திருக்கிறாள். வேண்டாம் என்றதற்கு, "எனக்கு வூட்டுக்கே வருது, உனக்கு இல்லன்னா நான் எப்படிடி முழுங்குவேன்? தொண்டைல நிக்கும்" என்றாளாம். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பவரைக் கூட்டிக் கொடுத்தபோது, "பாத்தியா, ரெண்டு பேருக்கும் போதுமான மாதிரி குடுத்துட்டான் எம் புள்ள" என்று சிரித்தாளாம். முரளியிடம் சொல்லிவிடலாம் என்று ஷகிலாம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "அவனுக்குத் தெரிஞ்சா எழுதியாகணும். எழுதினா அவன் வேலைக்குப் பேஜாரு" என்று உங்கம்மா வாயை அடைத்துவிட்டாள். காலி அட்டை சரியாக இருந்தது, பொத்தானும் சரியாக அமுக்கப்பட்டது. மாத்திரை வயிற்றுக்குள் போனது உண்மைதானே, அதனால் அது பொய் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. வேர்க்கடலைக்கு உரம் போட்ட மனுஷனோடு கூடப் பிறந்தவள்தானே.

கேட்டுவிட்டு எனக்கு வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து அவள் படத்துக்கு முன்னால் நின்று, "எங்கள விட்டுட்டுப் போறதுக்கு உனக்கு யாருடி உரிமை குடுத்தது, பாதி பாதியா வெட்டிக் குடுக்கறதுக்கு அது முறுக்கா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் மேலேயும் கோபம் நிற்கவில்லை, ஷகிலாம்மா மேலேயும் நிற்கவில்லை. ஒருத்தி கொடுத்தாள், இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் இத்தனை வருஷமாகச் செய்ததைத்தான் அன்றைக்கும் செய்தார்கள். யாரைப் போய் நான் கேட்பது? எனக்கு மனசு உடைந்துவிட்டது முரளி, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தேன். எழுதாவிட்டால், நீ எண்ணிக் கொடுத்த மாத்திரை உன் அம்மாவைக் கைவிட்டது என்று காலம் பூராவும் நினைத்துக்கொண்டிருப்பாய். எழுதினால், அவளே கொடுத்துவிட்டாள் என்று தெரிந்து வேறு மாதிரி வேதனைப்படுவாய். முழு மாத்திரை போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். "ஒருத்தர வச்சு அப்படி சொல்ல முடியாது சார், வாய்ப்பு ஜாஸ்தி இருந்திருக்கும், அவ்ளோதான்" என்றார். அதனால் நானும் உனக்கு அதற்குமேல் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் டூப்பு என்று நேற்று சொன்னாயே, அது சரியில்லை. பாதி மாத்திரையை வைத்துக்கொண்டு முழு மாத்திரைக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறாய். நம் தெருவில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இப்படிச் செய்தார்கள் என்று நீ நினைக்கிறாயா? எதிர் வரிசையில் அக்கா தங்கச்சி இரண்டு பேர் இருக்கிறார்கள், மாமியார் மருமகள் இருக்கிறார்கள். உன் பழைய சாருக்குப் போன் போட்டு இதைச் சொல். வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதால் பிரயோஜனம் இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டால், நாளைக்கு அந்த நர்ஸம்மாவையும் நிறுத்திவிடுவார்கள். கணக்குத் தப்பாகப் போனால் கணக்கைத் திருத்த வேண்டும். கணக்கே வேண்டாம் என்று ஊரை விட்டு ஓடக் கூடாது. அப்பன் புத்தி சொல்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே, இது நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

சாரிடம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு காரியம் இருக்கிறது, அதற்கு நிதானம் கிடையாது. அன்றைக்கு அட்டையைத் திரும்பக் கொண்டுவந்தவன், மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். என் பங்காளி வீட்டு மருமகளை விட்டுச் சொல்லச் சொன்னேன், வாணியம்பாடியிலிருந்து அவர் மகள் வந்து அழுது பார்த்தாள். மசியவில்லை. நேற்று அவர் பேசும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டார், தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முரளி வரட்டும்ணா. நான்தான் அவங்கம்மா மாத்திரைய சாப்ட்டேன்னு அவன் தெரிஞ்சுக்கட்டும். தெரிஞ்சும் அவன் வாயால சாப்டு ஷகிலாம்மான்னு சொன்னான்னா சாப்டறேன். அவன் சொல்லாம எனக்கு எறங்காது." அதற்குப் பிறகுதான் நான் உனக்குப் போன் போட்டேன். இதைச் சொல்லத்தான் போட்டேன், நீ சொல்ல விடவில்லை.

உனக்கு அவரைத் திட்டத் தோன்றினால் திட்டு. என் அம்மா உன்னால்தான் போனாள் என்று கத்த வேண்டும்போல இருந்தால் கத்து, அவர் தாங்கிக்கொள்வார், அதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் கத்தி முடித்ததும் சாப்பிடச் சொல்லிவிடு. உன் அம்மாவை உன்னால் காப்பாற்ற முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அவள் யாரைக் காப்பாற்ற நினைத்தாளோ அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், முரளி. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றைக்கே ரயில் ஏறு. ஆம்பூரில் இறங்கியதும் முதலில் நம் வீட்டுக்கு வராதே, நேரே ஷகிலாம்மா வீட்டுக்குப் போ. மாத்திரையை நீ எடுத்துக் கொடு. முழுசாகக் கொடு. தண்ணீர் நான் கொண்டுவருகிறேன்.

அப்பா